பழைய இரும்பு வந்த வழி

அறபு மொழியில் வாளுக்குப் பெயர் பல. ஸைஃப் என்பது பொதுப்பெயர். ஹுஸாம், ஸாரிம் என்பன வெட்டும் திறம் பற்றி வந்தவை. முஹன்னத் என்பதோ நாடு பற்றி வந்த பெயர். ஹிந்து நாட்டு இரும்பால் வடிக்கப்பட்ட வாள் என்பது அதன் பொருள். மதரஸாவில் இலக்கியப் பாடம் ஓதியவர்கள் இச்சொல்லைப் ‘பானத் ஸுஆத்’ என்னும் கவிதையில் சந்தித்திருப்பர். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் மதீனா வந்து, பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுன் அதனைப் பாடினார்கள். அண்ணலாரை வாளாக உருவகித்த இடத்தில் அவர்கள் ஆண்ட சொல் முஹன்னத் என்பதே. பாடி முடித்தவருக்குப் பெருமானார் (ஸல்) தம் போர்வையையே பரிசாக அளித்தார்கள் என்பது வரலாறு. (நம் இல்லங்களில் ஓதப்பெறும் புர்தா, 13-ஆம் நூற்றாண்டினரான இமாம் பூஸீரி அவர்கள் இயற்றியது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இன்றும் உளர்.)

மதீனாவில் அன்று அமர்ந்திருந்தோருக்கு ஹிந்து நாட்டு இரும்பு இன்னதென்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொன்ன மாத்திரத்தில் விளங்கும் அளவுக்கு அப்பண்டம் அந்நாட்டில் பழகியிருந்தது. ஆனால் அவ்விரும்பு எவர் உலையில் உருகிற்று, எவர் தலையில் சுமையாகித் துறைமுகம் சேர்ந்தது என்று கவிஞர்கள் கேட்டதில்லை. நாம் கேட்கலாம். அமராவதிக் கரையில் கணியூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது, விடையின் ஒரு பகுதி நம் பக்கத்திலேயே கிடக்கிறது.

திருப்பூர் நகரின் ஊடே செல்லும் நொய்யலாறு கிழக்கே ஓடிச் சென்னிமலைப் பக்கம் சேரும் இடத்தில், அதன் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் பெயர் பெறும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர்ப் பிறரும் அங்கே அகழ்ந்தனர். அணிகல மணிகளுக்குப் பேர்போன அவ்வூரில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மூசைகளும் வெளிப்பட்டன. மூசை என்பது களிமண்ணால் செய்த சிறு உருக்குக் கலம். கிறிஸ்து ஆண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே இத்தொழில் அங்கே நடந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழகத்தில் இரும்பின் தொடக்கம் கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டுக்குச் செல்லும் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதன் முடிவை அறிஞர்கள் ஆய்ந்து கூறட்டும். நொய்யற்கரை உலைகளைப் பற்றி நமக்கு ஐயமில்லை.

மூசையில் எஃகு செய்யும் முறை எளிதுபோல் தோன்றும், கைவருவது அரிது. முதலில் தாதுவைக் கரியோடு சேர்த்து உலையில் எரித்து, கசடு நீங்க அடித்துத் தேனிரும்பு எடுப்பர். தேனிரும்பு மென்மையானது, வளையும், ஒட்டும், இழுத்த இழுப்புக்கு வரும், ஆனால் கூர் நிற்காது. அதைச் சிறு துண்டுகளாக்கி மூசையில் இட்டு, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் உடன்வைத்து, வாயை மண்ணால் அடைத்துப் பல நாழிகை ஊதுவர். பச்சிலையிலும் கட்டையிலும் உள்ள கரி இரும்புக்குள் ஏறி, உருகி, ஆறியபின் ஒரு சிறு கட்டியாகக் கிடைக்கும். அதுவே உருக்கு. கன்னடத்து ‘உக்கு’ என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ ஆயிற்று என்பர். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் என்பார் அதனை ஆராய்ந்து லண்டன் ராயல் சொஸைட்டியின் முன் கட்டுரை படித்தார். மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் மைக்கேல் ஃபாரடேயும் தம் இளமையில் இவ்விரும்பை ஆராய்ந்து அதுபோல் செய்து பார்க்க முயன்றவரே. வழியெங்கும் புதராய் மண்டிக் கிடக்கும் எருக்கும் ஆவாரையும் டமாஸ்கஸ் வாளின் கூரில் பங்குடையவை என்று எண்ணிப் பார்ப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தீ, வாட்களின் வகை பற்றித் தனி நூலே எழுதினார். கலீஃபா முஃதஸிமுக்காக எழுதியது அது என்பர். ஸரன்தீப் இரும்பையும் அதனால் ஆன வாட்களையும் அந்நூலில் அவர் குறிக்கிறார். ஸரன்தீப் என்பது இலங்கை. அங்கே சமனலவெவ என்னும் மலைப்பகுதியில் கில்லியன் ஜூலெஃப் என்னும் ஆங்கிலப் பெண்மணி அகழ்ந்து, 1996-ல் வெளியிட்ட செய்தி வியப்புக்குரியது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் மலைச்சரிவின் முகத்தில் உலைகளை அமைத்து, துருத்தியே இல்லாமல், காற்றைக் கொண்டே நெருப்பை மூட்டியிருக்கிறார்கள். காலம் 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை. அல்கிந்தீ வாழ்ந்த காலமும் அதற்குள் அடங்கும். அதற்குப் பின் 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கியிருந்த ஆப்ரகாம் பின் யிஜு என்னும் யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோவில் கிடைத்துள்ளன. அறபு மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதிய கடிதங்கள் அவை. ஏடன் துறைக்கு மிளகோடும் பாக்கோடும் இரும்பும் வகைவகையாக ஏறியதை அவற்றில் காண்கிறோம்.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி அறபு அகராதிகளில் இருக்கிறது. அறபியர் இரும்பை ஆண், பெண் என இரண்டாகப் பிரித்தனர். வன்மையான எஃகு ‘தகர்’, ஆண். மென்மையான இரும்பு ‘அனீஸ்’, பெண். அல்கிந்தீயும் பாரசீகப் பெயர்களால் இப்பிரிவைச் சொல்லி, இரண்டையும் சேர்த்துச் செய்யும் வாட்களைத் தனி வகையாக வைக்கிறார். உடல் பெண்ணிரும்பும் வாய் ஆணிரும்புமாக அமைந்த வாளுக்கு ‘முதக்கர்’ என்று பெயர். காரணம் வெளிப்படை. முழுதும் எஃகானால் ஓங்கிய அடியில் முறியும். முழுதும் தேனிரும்பானால் வாய் மடங்கும். மெல்லிரும்பைப் பிளந்து, எஃகுத் துண்டை இடையில் செருகி, வெண்சூட்டில் அடித்து ஒன்றாக்கினால் முறியவும் முறியாது, மடங்கவும் மடங்காது. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் கொழுவுக்கும் கோடரிக்கும் உருக்கு வைத்து அடிப்பது என்பது இதுவே. பாலைவனத்தார் அகராதியில் எழுதிவைத்ததை நம் ஆசாரி எழுத்தில்லாமல் கைவழியே வைத்திருந்தார்.

இவ்வளவு சொல் வளம் வாளுக்கு இருக்க, அதை அடித்தவனுக்கு அறபியர் கொடுத்த இடம் யாது? கொல்லனைக் குறிக்கும் ‘கைன்’ என்ற சொல்லை நாடோடி அறபியர் வசையாகவே வழங்கினர். உமையாக்கள் காலத்துக் கவிஞர் ஜரீர், தம் எதிரியான ஃபரஸ்தக்கை இழித்துப் பாடத் தேடிக்கொண்ட ஆயுதங்களுள் ஒன்று, அவர் குடும்பத்தைக் கொல்லர் மரபு என்று பழித்தது. வாளைப் புகழ்ந்து கவிதை தொடங்கி, உலையைப் பழித்துக் கவிதை முடிப்பதில் அவர்களுக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

இஸ்லாம் வந்த வீடு வேறு விதமாக இருந்தது. திருமறையில் ஓர் அத்தியாயமே ‘அல்ஹதீத்’, அதாவது இரும்பு, என்னும் பெயர் பெற்றது, 57-ஆவது ஸூரா. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டது என்பதும் அவர்கள் கவசம் செய்ததும் அம்மறை கூறும் செய்திகள். தொடக்கக் காலத்தில் ஈமான் கொண்ட நாயகத் தோழர்களில் ஒருவர் கப்பாப் இப்னுல் அரத் (ரலி). மக்காவில் அடிமையாக இருந்து வாள் அடித்தவர். பழுக்கக் காய்ச்சிய இரும்பாலும் கங்காலும் அவரை வதைத்தார்கள். தம் தொழிலின் நெருப்பே அவருக்குத் தண்டனையாயிற்று. ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவன் தான் கொடுக்க வேண்டிய கூலியைக் கேட்கப் போன அவரிடம், முஹம்மதை மறுத்தாலன்றித் தரமாட்டேன் என்றான். ஒரு கொல்லரின் கூலிக் கடனை ஒட்டி ஸூரத்து மர்யமின் வசனங்கள் இறங்கின என்று விரிவுரையாளர் உரைப்பர்.

மதீனாவில் அபூ ஸைஃப் என்னும் கொல்லர் இருந்தார். பெருமானார் (ஸல்) அவர்களின் பச்சிளங்குழந்தை இப்ராஹீமுக்குப் பாலூட்டிய செவிலித்தாய் அவர் மனைவியாவார். மகனைக் காண அண்ணலார் அவ்வீட்டுக்குச் செல்வதுண்டு. ஒருநாள் அவர்கள் சென்றபோது அபூ ஸைஃப் துருத்தி ஊதிக்கொண்டிருந்தார், வீடெங்கும் புகை. உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள் விரைந்து முன்னே போய், துருத்தியை நிறுத்தும்படி சொல்ல, அவர் நிறுத்தினார். அண்ணலார் குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டார்கள். நபிமொழித் தொகுப்புகளில் நாம் படிக்கும் இச்செய்தியில், அறபுப் பிரபுக்கள் காலடி வைக்க நாணிய கொல்லன் வீட்டின் புகையில்தான் அண்ணலாரின் மகன் வளர்ந்தான் என்பதை ஊன்றிக் காணவேண்டும்.

கைன் என்ற சொல்லுக்கு நேர்ந்தது தமிழில் நம் சொல் ஒன்றுக்கும் நேர்ந்திருக்கிறது. பழைய இரும்பு வாங்கும் கடையைத் தமிழகம் எங்கும் ‘காயலான் கடை’ என்கின்றனர். காயல்பட்டினத்து மக்கள் சென்னை முதலிய நகரங்களில் இக்கடைகளை நடத்தியதால் இப்பெயர் வந்தது என்பது மூத்தோர் வாக்கு. இன்று எதற்கும் உதவாத பொருளைக் கண்டால் ‘காயலான் கடைக்குப் போட வேண்டியதுதான்’ என்கிறார்கள். சில வேளைகளில் மனிதரையும் அவ்வாறு சொல்கிறார்கள். காயல் என்ற ஊரின் பழமை சொல்பவருக்குத் தெரியாது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் யாவும் அணையும் பட்டினமாகக் காயலைக் குறித்தார். வந்திறங்கும் குதிரைகள் பாண்டிய நாட்டில் விரைவில் மாண்டன என்றும், அவற்றைப் பேணவும் லாடம் கட்டவும் தெரிந்தவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே கூட்டிவரவில்லை, மாண்டால் மறுபடி விற்கலாம் அன்றோ என்றும் அவர் எழுதுகிறார். அந்த வணிகரிடம் நமக்கு மதிப்பில்லை. ஆனால் கடல் கடந்து வாணிபம் செய்த அவ்வூரின் பெயர் குப்பைக்கு மறுபெயர் ஆனது வரலாறு அறியாமையால் வந்த வினை.

கொல்லருக்குக் காயலான் கடை தேவைப்பட்டது எப்போது? தாதுவிலிருந்து இரும்பு எடுப்பவர் இருந்தவரை அவருக்குப் பழைய இரும்பு ஒரு துணை மட்டுமே. 1800-1801-ல் மைசூர், கொங்கு, மலபார் நாடுகளின் ஊடே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் ஆங்காங்கே உலைகளையும் உருக்குச் செய்வோரையும் கண்டு விரிவாக எழுதினார். 1820-ஐ ஒட்டித் தெலங்காணத்துக் கோனசமுத்திரத்துக்குச் சென்ற வாய்சி என்னும் மருத்துவர், பாரசீகத்து இஸ்ஃபஹான் நகர வணிகர் ஒருவர் அங்கே வந்து தங்கி எஃகுக் கட்டிகளை எடைபோட்டு வாங்குவதைக் கண்டார். முஹன்னத் வாளின் வாணிபம் அந்நாள் வரையிலும் மூச்சுடன் இருந்தது என்பதற்கு இது சான்று.

அடுத்த அரை நூற்றாண்டில் அது அற்றுப்போயிற்று. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கம்பெனி அதிகாரி, சேலத்துத் தாதுவின் சிறப்பை அறிந்து வேலையை விட்டு, 1830-ல் பறங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை நிறுவினார். நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்று அழைத்த ஊர் அதுவே. மலபாரில் பேப்பூரிலும் அவர் நிறுவனம் ஆலை கட்டிற்று. ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் கொண்டு மூசையில் உருக்குச் செய்யும் நம் முறையை ஆங்கிலேயருக்கு எழுதித் தெரிவித்தவரும் இந்த ஹீத்தே. நிறுவனம் தழைக்கவில்லை. கரிக்கு மரம் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது, செலவு ஏறிற்று, 1870-களில் அது முடிந்தது. ஹீத் அதற்கு முன்பே, 1851-ல், வறுமையில் இறந்தார். இதே காலத்தில் சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடலுக்கு இரயில் பாதை அமைந்தது. 1862-க்குள் வண்டி ஓடிற்று. அதன் தண்டவாளங்கள் கப்பலேறி இங்கிலாந்திலிருந்து வந்த தேனிரும்பு. கஞ்சமலைத் தாதுவின் அருகே போகும் பாதைக்கு அயல்நாட்டு இரும்பு! 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டுக் கரியையும் கட்டுப்படுத்தியபின், சிற்றுலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. எளிய விலையில் வந்த சீமை இரும்பு அவற்றின் இடத்தைப் பிடித்தது.

அன்றிலிருந்து ஊர்க் கொல்லருக்குச் சுரங்கம் என்பது பழைய இரும்புக் கடையே ஆயிற்று. நம் கொங்குப் பகுதியில் அச்சுரங்கத்தின் முதற்பொருள் வண்டிப் பட்டை. மரச்சக்கரத்தின் மேல் சுடச்சுட ஏற்றி நீர் விட்டு இறுக்கிய அந்த இரும்பு வளையம் ஒரு தலைமுறை தேய்ந்தபின், வாச்சியாகவும் கொத்தாகவும் கதிரறுவாளின் உடலாகவும் மறுபிறவி எடுத்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்தபின், கவலை இறைத்த கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார்கள் ஏறின. கவலைக் கருவிகளின் அச்சும் வளையமும் கடைக்கு வந்தன. பிறகு டயர் வண்டி வந்தது. பட்டைச் சக்கரங்கள் ஓய்ந்தன. பழைய வீடுகளை இடித்தபோது சன்னல் கம்பி, ஊஞ்சல் சங்கிலி, தாழ்ப்பாள், நாதாங்கி ஆகியவை வந்தன.

இவை எல்லாம் தேனிரும்பு ஆகா. பெஸ்ஸமர் 1856-ல் கண்ட முறையால் மென்எஃகு மலிந்தபின், 20-ஆம் நூற்றாண்டில் செய்த பட்டைகளும் கம்பிகளும் பெரும்பாலும் அவ்வகையே. இங்கிலாந்திலேயே தேனிரும்பு எடுத்த கடைசி ஆலை 1970-களில் மூடப்பட்டது. ஆகையால் இனிமேல் தேனிரும்பு வேண்டுவோர் பழையதைத் தேடியே எடுக்கவேண்டும். அதைக் காணும் வழியைக் கொல்லர்கள் அறிவர். உளியால் பாதிக் கனம் வெட்டி, குறட்டில் பிடித்து மடக்கினால், தேனிரும்பு கரும்புச் சக்கை போல நார்நாராகக் கிழியும். உள்ளே கசடு இழையிழையாக ஓடியிருப்பதே அதற்குக் காரணம். எஃகு அவ்வாறு கிழியாது. முறிந்த வாய் மணல் போலப் பொடிமணியாகத் தெரியும். நெடுநாள் துருவேறிய தேனிரும்பு, வெயிலில் கிடந்த மரக்கட்டையைப் போல வரிவரியாகக் காணும். சாணையில் வைத்தால் பொறி மங்கிய செந்நிறத்தில் நீண்டு போய் அடங்கும். கரி மிகுந்த எஃகின் பொறியோ மத்தாப்பூப் போல வெடித்துக் கிளை விடும். அடிக்கும்போது வெண்சூட்டுக்கு அருகில் வைத்து அடிக்கவேண்டும். சூடு குறைந்தால் நாரோடு பிளந்துவிடும். துத்தநாகம் பூசிய குழாயையும் தகட்டையும் மட்டும் உலையில் இடலாகாது. அதன் புகை நஞ்சு.

திருப்பூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் பனியன் ஆலைகளின் பழுதான எந்திரங்கள் மலைபோல் குவிந்திருக்கும். புதிதாய்ப் பழகும் இளைஞர் அக்குவியலைக் கண்டு மயங்குவர். எந்திர உடல்களில் பல வார்ப்பிரும்பு. சம்மட்டி பட்டால் சிதறும். கத்தியின் வாய்க்கு வேண்டிய எஃகு அங்கே மூலையில் கிடக்கும் தேய்ந்த அரத்திலும், லாரியின் வில்பட்டையிலும் உள்ளது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளின் புகழ் நாடறிந்தது; இக்காலத்தில் அது லாரிப் பட்டையிலிருந்தே பிறக்கிறது. அரத்தின் எஃகு வாயாகவும் வண்டிப் பட்டையின் தேனிரும்பு உடலாகவும் ஒட்டி அடித்தால் கிடைப்பது அறபு அகராதியின் ‘முதக்கர்’ அன்றி வேறென்ன?

இதில் நம் வீடுகளுக்கு ஒரு பங்கு உண்டு. அறுக்கும் பிராணிக்கு நோவு குறைய, கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளவேண்டும் என்பது நபிவழி. ஈதுல் அள்ஹா நெருங்கும்போது மட்டும் கடைத்தெருவில் ஆலைக் கத்தி வாங்கி, இரண்டு ஆட்டுக்குள் வாய் மழுங்கி, பக்கத்து வீட்டில் இரவல் கேட்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். பரணில் பாட்டனார் காலத்துக் குர்பான் கத்தி கிடந்தால் அதனை ஒருமுறை சாணையில் வைத்துப் பார்ப்பது நலம். முதுகிலிருந்து வரும் பொறியும் வாயிலிருந்து வரும் பொறியும் வேறுபட்டால், அது உருக்கு வைத்து அடித்த கத்தி.

கணியூரிலும் மடத்துக்குளத்திலும் எடைக்கு வரும் வண்டிப் பட்டைகள் இப்போது கொல்லரிடம் போவது குறைவு. கொல்லுப்பட்டறைகளே குறைந்துவிட்டன. கடையிலிருந்து லாரி ஏறும் இரும்பு, பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உள்ள கஞ்சிக்கோடு போன்ற இடங்களின் மின்னுலைகளில் உருகிக் கட்டடக் கம்பியாகிறது. அவ்வுலைக்குத் தேனிரும்பும் ஒன்றே, நேற்று அறுத்த கம்பித் துண்டும் ஒன்றே. கிலோவுக்கு விலையும் ஒன்றே. பட்டையைத் தரையில் உருட்டி, அதன் ஓசையைக் கேட்டு, துருவைச் சுரண்டிப் பார்த்து, இது பழசு என்று சொல்லித் தனியே சுவரோரம் சாய்த்து வைக்கும் முதிய கடைக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தேடி வரும் ஆசாரி வாரம் ஒருவராவது வருகிறாரா என்று அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.